அயனித் திரவமா, கார்பனேட்டா, இரண்டும் கலந்ததா? லித்தியம் செல்லுக்கு மின்பகுளி தேர்ந்தெடுப்பது எப்படி

மின்பகுளி என்பது செல்லின் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே லித்தியம் அயனிகளைக் கொண்டுசெல்லும் திரவம். அதைப் பற்றி, பேட்டரி ஆய்வுக்குள் புதிதாக வரும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அயனித் திரவம் தீப்பிடிக்காது, கார்பனேட் விலை குறைவு, இரண்டையும் கலந்தால் இரண்டின் நன்மையும் கிடைக்குமாமே. எதை ஆர்டர் போடட்டும்?" திட்டப் பணம் ஒரு தடவைதான் வரும். தப்பான புட்டியை வாங்கிவிட்டால் அதை வைத்துக்கொண்டே மல்லுக்கட்ட வேண்டியதாகிவிடும். அந்தக் குழப்பத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலவை நல்ல வழிதான். ஆனால் அயனித் திரவம் எத்தனை சதவீதம் என்று யோசிப்பதற்கு முன்னால் இரண்டு விஷயங்களை முடிவு செய்தாக வேண்டும்: செல்லில் ஆனோடு (சார்ஜ் ஏறும்போது லித்தியம் போய்ச் சேரும் மின்முனை) எது, அயனித் திரவத்தோடு சேர்க்கும் கரைப்பான் எது. இவை இரண்டையும் தீர்மானிக்காமல் சதவீதத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பலருடைய காலம் கரைந்துபோகிறது.

## எவற்றை ஒப்பிடுகிறோம்

முதலாவது, ரெடிமேடாகவே விற்கப்படும் எல்பி30. எத்திலீன் கார்பனேட்டும் டைமெத்தில் கார்பனேட்டும் சரிபாதி கலந்து, அதில் லிட்டருக்கு ஒரு மோல் எல்ஐபிஎஃப்6 என்ற லித்தியம் உப்பைக் கரைத்தது. ஆய்வகப் பேச்சில் இந்தக் கரைப்பான்கள் இசி, டிஎம்சி.

இரண்டாவது, கரைப்பானே சேர்க்காத அயனித் திரவம். அறை வெப்பநிலையிலேயே உருகிய நிலையில் இருக்கும் உப்பு அது. அதில் லித்தியம் உப்பைக் கரைத்துப் பயன்படுத்துவார்கள். நேரயனியாக அதிகம் புழங்குபவை இமிடசோலியம் வகையான ஈஎம்ஐஎம், பைரோலிடினியம் வகையான பைர்14. எதிரயனியாக, ஃபுளோரின் கொண்ட டிஎஃப்எஸ்ஐ அல்லது எஃப்எஸ்ஐ.

மூன்றாவது கலவை. இதை ஒரே பொருளாகப் பேசுவதில்தான் குழப்பமே தொடங்குகிறது. எளிதில் ஆவியாகும் டிஎம்சி, டிஇசி (டைஎத்தில் கார்பனேட்) போன்றவற்றோடு கலப்பது ஒன்று. கொதிநிலை உயர்ந்த புரொப்பிலீன் கார்பனேட்டோடு, அதாவது பிசியோடு கலப்பது வேறொன்று. இரண்டையும் தனித்தனியாகவே எடைபோடுகிறேன்.

## எந்த அளவுகோலால் அளப்பது

லித்தியம் எவ்வளவு நகர்கிறது. கடத்துத்திறன் மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. எல்பி30 அறை வெப்பநிலையில் சென்டிமீட்டருக்கு 10 மில்லிசீமன்ஸுக்குச் சற்று மேல் காட்டும். லித்தியம் உப்பு சேர்க்காத ஈஎம்ஐஎம்-டிஎஃப்எஸ்ஐயும் 8, 9 காட்டும். பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் அங்கே மின்சுமையைச் சுமந்து போவது பெரும்பாலும் ஈஎம்ஐஎம் அயனி. அதனால் செல்லுக்குப் பயனில்லை. கார்பனேட்டில் ஓடும் மின்னோட்டத்தில் லித்தியத்தின் பங்கு 0.3, 0.4 அளவில் இருக்கும். அயனித் திரவத்தில் 0.1, 0.2 கிடைத்தாலே அதிகம். ஒரு லித்தியத்தை இரண்டு டிஎஃப்எஸ்ஐ சூழ்ந்துகொள்ளும்போது அந்தத் திரளுக்கு மொத்தத்தில் எதிர்மின்சுமை வந்துவிடுகிறது. அது மின்புலத்தில் போக வேண்டிய பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் நகரும். ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2018இல் மின்புலத்தோடு கூடிய என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) முறையில் இதை நேரடியாக அளந்தே காட்டினார்கள்.

தீ. "தீப்பற்றாது" என்று எங்கு படித்தாலும், எந்தச் சோதனையில் என்று கேளுங்கள். திரவத்தின் ஆவி தீப்பொறியில் பற்றும் வெப்பநிலை ஒரு சோதனை. திரவத்தில் நனைத்த கண்ணாடி இழைத் திரியைச் சுடரில் காட்டி, எடுத்த பிறகும் எரிகிறதா என்று பார்ப்பது இன்னொன்று. சார்ஜ் ஏறிய மின்முனையோடு சேர்த்துச் சூடாக்கினால் எவ்வளவு வெப்பம் வெளிப்படுகிறது என்பது மூன்றாவது. ஒன்றில் தேறிய மின்பகுளி மற்றொன்றில் தோற்கும். செல் விபத்துகளில் கடைசிச் சோதனைதான் முக்கியம். ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் காண்பது நடுவில் உள்ளது.

ஆனோடோடு ஒத்துப்போவது. கிராஃபைட் என்றால் முதல் சார்ஜிலேயே அதன் மேல் எஸ்இஐ எனப்படும் காப்புப் படலம் நன்றாகப் படிய வேண்டும்.

அலுமினியத் தாள். கேதோடு, அதாவது நேர்மின்முனைப் பொருள் பூசப்படும் அந்தத் தாளை மின்பகுளி அரிக்கக் கூடாது.

வெப்பநிலையும் செலவும். செல் எந்தக் குளிரையும் எந்த வெயிலையும் பார்க்கப்போகிறது என்பதும், புட்டியின் விலையோடு நில்லாத மற்ற செலவுகளும்.

## எல்பி30

1991இல் சோனி லித்தியம் அயனி செல்லைச் சந்தைக்குக் கொண்டுவந்ததிலிருந்து இன்றுவரை கார்பனேட் குடும்பத்தின் ஆட்சிதான். காரணம் இசி. அது கிராஃபைட் மேல் சிதைந்து உறுதியான படலத்தை உருவாக்கிவிட்டு, பிறகு தானாகவே நின்றுவிடுகிறது. எல்ஐபிஎஃப்6 அதே போல அலுமினியத்தின் மேல் காப்புப் படலம் அமைக்கிறது. இரண்டு வேலையும் யாரும் கேட்காமலே நடந்துவிடுவதால் அவற்றின் அருமை நமக்குத் தெரிவதில்லை. வேறு மின்பகுளிக்கு மாறும்போதுதான் தெரியும்.

குறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. டிஎம்சியின் ஆவி 18 டிகிரிக்கு அருகிலேயே பற்றிக்கொள்ளும். நம் ஊரில் மார்கழி இரவில்கூட அறை அதைவிடச் சூடு. எல்ஐபிஎஃப்6 உப்புக்கு ஈரம் ஆகாது. துளி நீர் பட்டாலும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உருவாகும். 60 டிகிரிக்கு மேல் உப்பே சிதையத் தொடங்கிவிடும். குளிரிலும் வசதி குறைவு: டிஎம்சி 3 டிகிரி வாக்கிலும் இசி 36 டிகிரியிலும் உறைபவை, ஆகவே கடுங்குளிருக்கு இந்த ஜோடி சரிப்படாது.

## தூய அயனித் திரவம்

ஆவியழுத்தம் இல்லை என்றே சொல்லலாம். டிஎஃப்எஸ்ஐ வகைகள் 300 டிகிரி தாண்டியும் தாங்கும். வெற்றிடத்தில் வைத்தாலும் ஆவியாகாது. இந்தக் கடைசிக் குணத்தை ஜப்பானியர்கள் அழகாகப் பயன்படுத்தினார்கள். 2014 ஜூனில் ஏவப்பட்ட ஹோதொயோஷி-3 என்ற சிறு செயற்கைக்கோளில், கான்சாய் பல்கலைக்கழகக் குழு உருவாக்கிய ஈஎம்ஐஎம்-எஃப்எஸ்ஐ செல் விண்வெளியில் சார்ஜ் ஏறி இறங்கிக் காட்டியது. கார்பனேட் செல்லுக்கு வேண்டிய கனத்த உலோகக் கூடு இல்லாமல், மெல்லிய பை போன்ற உறையிலேயே அனுப்ப முடிந்தது.

பூமியில் கதை வேறு. பைர்14-டிஎஃப்எஸ்ஐ நல்லெண்ணெயைவிடச் சற்றுக் கெட்டியானது. பாகுநிலை 25 டிகிரியில் 75, 80 சென்டிபாய்ஸ் வரும். லித்தியம் உப்பைக் கரைத்தால் இன்னும் கெட்டிப்படும், கடத்துத்திறன் 1 மில்லிசீமன்ஸ் பக்கம் இறங்கிவிடும். வேகமாக சார்ஜ் செய்வதை மறந்துவிடலாம். இரண்டு மின்முனைகளும் தொட்டுக்கொள்ளாமல் நடுவே வைக்கும் சாதாரண பாலிபுரொப்பிலீன் செப்பரேட்டர் மேல் ஒரு துளி விட்டுப் பாருங்கள். பரவாமல் உருண்டையாகவே உட்கார்ந்திருக்கும்.

ஆனோடு விஷயத்தில் ஈஎம்ஐஎம், பைர்14 இரண்டும் ஒன்றல்ல. ஈஎம்ஐஎம் வளையத்தின் இரண்டாம் கார்பனில் உள்ள ஹைட்ரஜன் அமிலத்தன்மை உடையது. லித்தியத்தை ஒப்பிட 1 வோல்ட் அருகிலேயே அந்த அயனி எலக்ட்ரானை ஏற்று ஒடுக்கமடைந்து சிதையத் தொடங்கும். கிராஃபைட் 0.1 வோல்ட்டில் வேலை செய்வது, ஆகவே காப்புப் படலம் இல்லாமல் இரண்டும் சேராது. பைர்14 அந்த வகையில் உறுதியானது, ஆனால் கிராஃபைட் அடுக்குகளுக்குள் தானே நுழையப் பார்க்கும். எஃப்எஸ்ஐ எதிரயனி நல்ல படலம் தந்து இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கிறது. அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. கனடாவில் ஜெஃப் டான் குழு 2007இல் சார்ஜ் ஏறிய மின்முனைகளோடு அயனித் திரவங்களைச் சூடாக்கிப் பார்த்தது. டிஎஃப்எஸ்ஐ கொண்ட பைரோலிடினியம் போன்றவை கார்பனேட்டைவிடப் பாதுகாப்பாக இருந்தன; ஈஎம்ஐஎம்-எஃப்எஸ்ஐ கார்பனேட்டைவிட மோசமாக நடந்துகொண்டது. சுடரில் எரியாத திரவம் என்பதால் செல் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது.

## கலவை: டிஎம்சி, டிஇசியோடு

கரைப்பான் சேர்ந்ததும் முதலில் குறைவது பாகுநிலை. கொஞ்சம் சேர்த்தாலே சரசரவென்று இறங்கும். அதைவிட முக்கியம், கார்பனேட்டின் ஆக்சிஜன் லித்தியத்தைப் பிடித்துக்கொண்டு டிஎஃப்எஸ்ஐயை விலக்குகிறது. மேலே சொன்ன எதிர்மின்சுமைத் திரள்கள் உடைந்து, லித்தியம் சரியான திசையில் நகரத் தொடங்குகிறது. கலவையின் உண்மையான லாபம் இதுதான் என்பேன்.

இந்த வகைக்கு எல்லோரும் காட்டும் ஆதாரம் கியூபெக்கின் ஹைட்ரோ-கியூபெக் நிறுவனத்தில் குர்ஃபி, ஜாகிப் முதலியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு. இசி, டிஇசி, எல்ஐபிஎஃப்6 கொண்ட மின்பகுளியில் ஈஎம்ஐஎம்-டிஎஃப்எஸ்ஐயைக் கலந்தார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் கலந்தபோது அவர்களுடைய தீச்சோதனையில் எரியவில்லை. 40 சதவீதம் வரை எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) கேதோடின் வேகமும் குறையவில்லை. கிராஃபைட் மேலும் நிலையான படலம் வந்தது. நல்ல வேலை. அதற்குப் பிறகு "40" என்ற எண் ஒரு மந்திரம் போல எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டதுதான் எனக்குக் கவலை.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பைர்14-டிஎஃப்எஸ்ஐயின் மூலக்கூறு எடை 422. டிஎம்சியின் எடை 90. எடையில் சரிபாதி கலந்தால், 100 கிராமில் அயனித் திரவம் 0.12 மோல், டிஎம்சி 0.56 மோல். மோல் கணக்கில் டிஎம்சி 80 சதவீதத்துக்கும் மேல். ஆவியழுத்தம் நடப்பது மோல் கணக்கில்தான். ஆகவே பாதிக்குப் பாதி ஊற்றிய பிறகும் டிஎம்சியின் ஆவியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். உப்பு முழுக்க அயனிகளாகப் பிரிந்திருப்பதாக எடுத்துக்கொண்டாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையாது. ஆவி பற்றும் வெப்பநிலை சில டிகிரி ஏறும், அவ்வளவே. திரிச் சோதனையில் தேறிய கலவைகூட, மூடிய கலத்தில் ஆவியைப் பற்றவைத்துப் பார்க்கும் சோதனையில் தோற்பது இதனால்தான்.

எல்ஐபிஎஃப்6 கலவைக்குள் அப்படியே இருக்கும்வரை அதன் ஈரப் பயமும் வெப்பப் பயமும் அப்படியே இருக்கும். அயனித் திரவம் அதைச் சரிசெய்யாது. 10, 20 சதவீதக் கலவைகளில் தீப் பாதுகாப்பும் வராது, விலை மட்டும் ஏறும். அவ்வளவு குறைவாகச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தெளிவான வேறு காரணம் இருந்தால் மட்டும் செய்யலாம்.

## கலவை: பிசியோடு

பிசி 242 டிகிரியில் கொதிப்பது, மைனஸ் 49 டிகிரியில் உறைவது. அதன் ஆவி பற்ற 130 டிகிரி வரை போக வேண்டும். மேலே போட்ட மோல் கணக்கு இங்கே நம்மைப் பயமுறுத்தாது, ஏனென்றால் கரைப்பானே அடக்கமானது. மூன்ஸ்டரில் பால்டுச்சி, பாசெரினி, வின்டர் முதலியோர் 2011இல் பைர்14-டிஎஃப்எஸ்ஐயையும் பிசியையும் கலந்து, எல்ஐடிஎஃப்எஸ்ஐ என்ற டிஎஃப்எஸ்ஐயின் லித்தியம் உப்போடு எல்எஃப்பி கேதோடில் ஓட்டிக் காட்டினார்கள்.

அடுத்த ஆண்டு அதே குழு காட்டிய விஷயம் இதைவிடப் பயனுள்ளது. எல்ஐடிஎஃப்எஸ்ஐ உப்பைக் கார்பனேட்டில் கரைத்தால், 4 வோல்ட்டை எட்டும் முன்பே அலுமினியத் தாள் அரிபடத் தொடங்கும். செல்லைப் பிரித்துப் பார்த்தால் தாளில் ஊசி குத்தியது போலக் குழிகள் தெரியும். அரிப்பில் உருவாகும் அலுமினிய டிஎஃப்எஸ்ஐ உப்பு கார்பனேட்டில் கரைந்து போய்விடுகிறது. அயனித் திரவத்தில் அது கரைவதில்லை, தாளின் மேலேயே தங்கிப் பாதுகாக்கிறது. ஆக, அயனித் திரவத்தின் சதவீதத்துக்கு ஒரு கீழ் எல்லை உண்டென்றால் அதை அலுமினியம்தான் நிர்ணயிக்கிறது. தீயை மட்டும் பார்த்துச் சதவீதத்தைக் குறைத்தால் மாட்டிக்கொள்வோம்.

பிசியின் பெரிய குறை கிராஃபைட். அடுக்குகளுக்குள் புகுந்து அவற்றைப் பிரித்து உதிர்த்துவிடும். வினைலீன் கார்பனேட், ஃபுளோரோஎத்திலீன் கார்பனேட் போன்ற சேர்மானங்களால் ஓரளவு தடுக்கலாம். நேர்வழி, லித்தியம் டைட்டனேட் ஆனோடுக்கு மாறுவது. அது 1.55 வோல்ட்டில் வேலை செய்வதால் பிசியும் சிதையாது, ஈஎம்ஐஎம்மும் சிதையாது. விலை என்னவென்றால், எல்எஃப்பியோடு சேர்த்தால் செல் 1.9 வோல்ட் வாக்கில்தான் தரும். கிராஃபைட்டோடு என்றால் 3.3. ஆற்றல் அடர்த்தியில் பெரிய இழப்பு.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | எல்பி30 | தூய பைர்14-டிஎஃப்எஸ்ஐ | ஈஎம்ஐஎம் 40% + இசி/டிஇசி | பைர்14 + பிசி சரிபாதி |
|---|---|---|---|---|
| லித்தியம் நகர்வு | நன்று | மோசம் | பரவாயில்லை | நடுத்தரம் |
| ஆவி தீப்பற்றுவது | அறை வெப்பநிலையிலேயே | ஆவியே இல்லை | அறை வெப்பநிலையை ஒட்டி | மிக உயர்ந்த வெப்பநிலையில் |
| கிராஃபைட் | இயல்பாகவே ஒத்துப்போகும் | சேர்மானம் தேவை | இசி இருப்பதால் ஒத்துப்போகும் | சேர்மானம் தேவை |
| அலுமினியம் | பாதுகாப்பு | பாதுகாப்பு | எல்ஐபிஎஃப்6 இருந்தால் பாதுகாப்பு | அயனித் திரவம் குறைந்தால் அரிப்பு |
| 60 டிகிரிக்கு மேல் | கூடாது | தாராளமாக | உப்பைப் பொறுத்தது | நன்று |
| விலை | குறைவு | பல மடங்கு | அதிகம் | அதிகம் |

ஹைட்ரோஃபுளோரோஈதரால் நீர்க்கச் செய்யும் புதுவகை அயனித் திரவ மின்பகுளிகளும் உள்ளன. லித்தியத்தோடு பிணையாமல் பாகுநிலையை மட்டும் குறைப்பவை அவை. லித்தியம் உலோக ஆனோடுக்கு நம்பிக்கை தருபவை. விலையைப் பார்த்தால், இப்போது இது முதல் தேர்வாக இருக்க முடியாது.

## பில்லில் தெரியாத செலவுகள்

மின்பகுளியைச் செல்லில் கன அளவால் நிரப்புகிறோம், கடையில் எடையால் வாங்குகிறோம். ஈஎம்ஐஎம்-டிஎஃப்எஸ்ஐயின் அடர்த்தி 1.5 கிராம், எல்பி30இன் அடர்த்தி 1.3 அளவில். அதே செல்லை நிரப்ப அதிக எடை வாங்க வேண்டும்.

செப்பரேட்டர் நனையாததால் பலரும் கண்ணாடி இழைத் தாளுக்குப் போவார்கள். வழக்கமான செப்பரேட்டரின் தடிமன் 25 மைக்ரான். காயின் செல்லில் போடும் கண்ணாடி இழைத் தாள் 260 மைக்ரானோ அதற்கு மேலோ. அது குடிக்கும் திரவத்தின் அளவும் அதே வீதத்தில் ஏறும். விலை உயர்ந்த திரவத்தைத்தான் பத்து மடங்கு ஊற்றுகிறோம். அப்படி ஓட்டிய செல்லின் முடிவுகள், மெல்லிய செப்பரேட்டர் கொண்ட நிஜச் செல்லுக்குப் பொருந்தவும் பொருந்தாது. கலவைகள் சாதாரண செப்பரேட்டரையே நனைத்துவிடுவதால் இந்தச் செலவு அவற்றுக்கு மிச்சம்.

தூய்மை அடுத்தது. நல்ல அயனித் திரவம் தண்ணீர் போல நிறமற்று இருக்க வேண்டும். மஞ்சள் தட்டியிருந்தால் தயாரிப்பின்போது கழிவுகள் தங்கிவிட்டன என்று பொருள். ஹாலைடு எவ்வளவு, நீர் எவ்வளவு பிபிஎம் என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அயனித் திரவத்தை 100 டிகிரிக்கு மேல் வெற்றிடத்தில் வைத்து உலர்த்தலாம்; ஆனால் கலந்த பிறகு அதைச் செய்தால் கரைப்பான் ஆவியாகிப் போய்விடும். ஆகவே முதலில் உலர்த்தி, பிறகு கலக்க வேண்டும். கலந்த டிஎம்சிக் கலவையை கிளவ் பாக்ஸில் (ஈரம் புகாத கையுறைப் பெட்டியில்) திறந்து வைத்திருந்தாலும் நாளுக்கு நாள் விகிதம் மாறிக்கொண்டே போகும். லேபிளில் 50 என்று இருக்கும், செல்லில் போவது வேறாக இருக்கும். இசி இன்னொரு தொல்லை: காரைக்குடி மே மாத வெயிலில் புட்டியில் தானே உருகியிருக்கும், ஏசி அறையில் கட்டியாக இருக்கும். எப்போதும் முழுக்க உருக்கி, எடை போட்டே எடுங்கள்.

ஐரோப்பாவுக்குப் பொருள் அனுப்பும் எண்ணம் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிஎஃப்ஏஎஸ் எனப்படும் நீங்கா ஃபுளோரின் சேர்மங்களைக் கட்டுப்படுத்த 2023இல் ஐந்து ஐரோப்பிய நாடுகள் முன்வைத்த வரைவின் வரையறைக்குள் டிஎஃப்எஸ்ஐ வருகிறது. எஃப்எஸ்ஐயில் கார்பன்-ஃபுளோரின் பிணைப்பு இல்லாததால் அது வராது.

## யாருக்கு எது

புதிய கேதோடு அல்லது ஆனோடு பொருளைச் சோதிப்பதுதான் உங்கள் வேலை என்றால், எல்பி30ஐ விட்டு வெளியே போகாதீர்கள். புதிய பொருள், புதிய மின்பகுளி இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எதனால் எது நடந்தது என்று சொல்லவே முடியாது.

80, 100 டிகிரியிலோ வெற்றிடத்திலோ மெதுவாக ஓட வேண்டிய செல்லுக்கும், லித்தியம் உலோக ஆனோடுக்கும் தூய அயனித் திரவம் வாங்கலாம். சூட்டில் பாகுநிலை தானே இறங்கிவிடுவதால் அங்கே அதன் பெரிய குறை பாதி மறைந்துவிடும்.

கிராஃபைட் செல், சாதாரண வெப்பநிலை, வேகம் அதிகம் குறையாமல் தீயை ஓரளவு கட்டுப்படுத்த வேண்டும் என்பவர்களுக்கு இசி/டிஇசி கலவை. 40 சதவீதத்துக்குக் கீழே போகாதீர்கள். கட்டுரையில் "எரியாதது" என்று எழுதாமல், எந்தச் சோதனையில் எரியவில்லை என்று எழுதுங்கள்.

வெயில் தகிக்கும் மாடியிலோ மூடிய அறையிலோ நிற்கும் மின்சேமிப்புப் பெட்டிக்கு, எடை ஒரு பொருட்டாக இல்லாதபோது, நான் கைகாட்டுவது பிசி கலவையும் டைட்டனேட் ஆனோடும்தான். வீட்டுக்குள், மனிதர்கள் தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பேட்டரிக்கு ஆற்றல் அடர்த்தியை விட்டுக்கொடுத்துப் பாதுகாப்பை வாங்குவது நியாயமான பேரம்.

சூப்பர் கெபாசிட்டர் செய்பவர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே லித்தியம் நகர வேண்டியதில்லை, ஈஎம்ஐஎம் நகர்ந்தாலே போதும். அதனால் அசிட்டோநைட்ரைல் கலவை வேகத்தில் வெல்லும். ஆனால் அசிட்டோநைட்ரைல் ஆவி 2 டிகிரியிலேயே பற்றக்கூடியது.

கலவையைத் தேர்ந்தெடுத்தவர்கள் மொத்தமாக ஆர்டர் போடுவதற்கு முன், சிறிய புட்டி ஒன்றை வாங்கி மூன்று காரியம் செய்துவிடுங்கள். வெறும் அலுமினியத் தாளை 4.2 வோல்ட்டில் ஒரு நாள் பிடித்து வைத்து, மின்னோட்டம் இறங்குகிறதா ஏறுகிறதா என்று பாருங்கள். நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் மெல்லிய செப்பரேட்டரில் ஒரு துளி விட்டு, பரவுகிறதா என்று பாருங்கள். பிறகு எல்பி30 நிரப்பிய அதே வகைச் செல்லைப் பக்கத்தில் வைத்து, 25 டிகிரியிலும் 60 டிகிரியிலும் இரண்டையும் சேர்த்தே ஓட்டுங்கள். 60 டிகிரியில் கலவை முந்தவில்லை என்றால் அந்தப் பணத்தை வேறு எதற்காவது செலவிடலாம்.